ஆறு எண்கள் வரும்வரை

வட்டம் சுற்றுகிறது. கைப்பேசித் திரையின் நடுவே ஒரு சின்ன வட்டம், வாலைத் தானே துரத்துகிற நாய்க்குட்டி மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதன் கீழே சீனத்தில் ஒரு வரி, அதற்கும் கீழே, உங்கள் வங்கி அனுப்பிய ஆறு எண்களை இடவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, பக்கத்திலேயே நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு என்று இறங்கும் விநாடிகள். அந்த ஆறு எண்களை வங்கி எனக்கு அனுப்பாது. மலேசியாவில், கிள்ளானில் இருக்கிற என் நாத்தனார் நீலாவதியின் கைப்பேசிக்குத்தான் அனுப்பும். அவள் பார்த்து வாட்ஸ்அப்பில் எனக்குத் தட்டிவிட வேண்டும், நான் இங்கே குவாங்சௌவில், மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், பணம் கட்டும் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் நின்று அதை இட வேண்டும். ஒரு மாதமாக இப்படித்தான் நடக்கிறது, பத்து விநாடி, மிஞ்சிப்போனால் பதினைந்து, அதற்குள் எண்கள் வந்து விழுந்துவிடும். இன்றைக்கு முப்பதுக்கு இறங்கிவிட்டது, வரவில்லை, இருபது, வரவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் பச்சை ஸ்வெட்டர் போட்ட அம்மாள் சுடுதண்ணீர்க் குவளையை உறிஞ்சியபடி என்னைப் பார்க்கிறாள், கோபமில்லாமல்தான் பார்க்கிறாள், ஐந்து, நான்கு, போயிற்று. நேரம் கடந்துவிட்டது, மறுபடி முயலவும். இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவையும் தவறினால் அட்டை பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்க ஒரு நாளாகும் என்று வங்கியின் காகிதத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு ஒரு நாள் கிடையாது. மூன்றாம் எண் கதவுக்கு வெளியே, தள்ளுகட்டிலில், கோடுபோட்ட பைஜாமாவோடு என் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார், பதினொரு மணிக்கு அந்தக் கதவு அவருக்குத் திறக்கும், முன்பணம் கட்டிய சீட்டு போய்ச் சேர்ந்தால்தான் திறக்கும். இப்போது மணி பத்து இருபத்தைந்து. பின்னால் வரிசை நிற்கிறது. கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு விலகி வந்து இந்தக் குளிர்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்கிறேன், மூன்றாவது தடவை அழுத்தத் துணிவில்லாமல்.

அட்டை என் பெயரில்தான் இருக்கிறது. நீலாவின் கடனட்டைக்குத் துணை அட்டை. பணமும் எங்களுடையது, அவருடைய சேமநிதிப் பணம் முழுவதையும் அவள் கணக்கில் போட்டாயிற்று, ஆகவே கடன் என்று ஒரு காசு கிடையாது, கடன் பட்டிருந்தால்கூடத் தேவலை, கொடுத்துத் தீர்த்துவிட்டு நிமிர்ந்து நிற்கலாம். பணம் எங்களுடையது, வழி அவளுடையது, அதை எப்படித் தீர்ப்பது? எங்கள் கிழட்டுச் சேமிப்புக் கணக்கின் அட்டை இந்த ஊர்க் கைப்பேசி வாலட்டில் ஒட்டவே மாட்டேன் என்றது. இங்கேயோ கீரைக்காரி முதல் கோயில் உண்டியல் வரை எல்லாவற்றிலும் அந்தக் கறுப்புக் கட்டம்தான், கைப்பேசியைக் காட்டு, டிங் என்று சத்தம், அவ்வளவுதான். முதல் நாள் பன் விற்கிறவளிடம் நூறு யுவான் தாளை நீட்டினேன், அவள் ஏதோ அருங்காட்சியகச் சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சில்லறை இல்லையென்று கையை விரித்தாள், பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் தன் கைப்பேசியைக் காட்டி எங்கள் இரண்டு பன்னுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார், முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை, அவர் நன்றாக இருக்கட்டும், அவர் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்கட்டும். அப்போது ஊருக்குப் போன் போட்டு என் மகள் ஷாமினியிடம் அழுதேன். ஷாமினி அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் ஷாமினியின் தோழி ஒருத்தி இங்கே வரும்போது அவள் கையில் ஓர் உறை, அதற்குள் அட்டை, என் பெயர் அச்சடித்து. கூட ஒரு வரி கடிதம் இல்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கும்பிட்டிருக்க வேண்டும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்றேன் அவரிடம். எண்கள் அவள் கைப்பேசிக்குத்தான் போகும் என்று தெரிந்ததும் இன்னும் ஏறிவிட்டது எனக்கு. பார்த்தீர்களா, விண்ணப்பத்தில் தன் நம்பரைப் போட்டிருக்கிறாள், நாம் என்ன வாங்குகிறோம், என்ன தின்கிறோம் என்று அங்கே உட்கார்ந்து வேவு பார்க்க வேண்டும் அவளுக்கு. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாலட்டில் அட்டையைச் சேர்க்கவே இரண்டு நாள் ஆயிற்று, குடும்பப் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று அது ஓயாமல் கேட்டது, நமக்கேது குடும்பப் பெயர், புஷ்பவதி ஏ/பி முனியாண்டி, ஏ/பி என்றால் மலாயில் மகள், முனியாண்டியின் மகள், அவ்வளவுதான், கடைசியில் அது ஏ/பி-யையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டது, அன்றிலிருந்து தினமும் காலையில் வணக்கம் ஏ/பி அவர்களே என்கிறது. அவருக்கு அதில் ஒரே சிரிப்பு. ஏ/பி அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க என்பார். அந்தச் சிரிப்புக்காகவே அட்டையைக் கும்பிடலாம் போலிருந்தது, நோய் வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும், நானும் ஏறக் கற்றுக்கொண்டேன். கஞ்சி வாங்கினால் கட்டம், மருந்து வாங்கினால் கட்டம், எங்கள் வங்கி மகாராசர்கள் ஒவ்வொரு தடவையும் எண் கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் நீலா ஆறு எண்களை அனுப்பினாள். முதல் வாரம் வெறும் எண்கள்தான். நானும் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன், பதினொரு வருஷம் பேசாத இரண்டு பொம்பளைகள் வேறென்ன செய்வது. பிறகு ஒருநாள் காலை ஏழு மணிக்கு, கஞ்சிக் கடையில், எண்களுக்குக் கீழே இரண்டு சொல்: பசியாறியாச்சா அண்ணி. இரண்டாவது சொல்லை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கடைக்காரன் அடுத்த ஆளுக்குக் கையைக் காட்டிவிட்டான். பதினொரு வருஷமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, கூப்பிட வேறு ஆளும் கிடையாது, அவருக்கு அவள் ஒரே தங்கச்சி. ஆறிக்கிட்டு இருக்கோம் என்று எழுதினேன். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை. அவள் காலையில் பள்ளி வேன் ஓட்டுகிறாள், ஐந்தரைக்கே எழுந்து இருபது பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றி ஏழேகாலுக்குப் பள்ளியில் விடுகிறாள், அதற்கு நடுவிலும் என் கஞ்சிக்கு எண் வந்துவிடும், ஏதாவது பிள்ளையின் வீட்டுக் கதவருகே வண்டியை நிறுத்தி அனுப்புவாளாக இருக்கும். இதையா வேவு என்றேன்? என் வாயில் கொள்ளிக்கட்டையை வைத்தால் தகும்.

மணி பத்து முப்பத்திரண்டு. இன்னும் வரவில்லை. எங்கே போனாள்? இன்று என்ன நாள் என்று அவளுக்குத் தெரியும், குடும்பக் குழுவில் நேற்றே ஷாமினி போட்டுவிட்டாள், அப்பாவுக்கு நாளைக்குப் பதினொரு மணிக்கு என்று. பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடும் விழுந்தது. அவருக்கு ஒன்றும் பெரிய அறுவை இல்லை, தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, கல்லீரல் கட்டிக்குப் போகிற ரத்தக் குழாயைத் தேடிப் பிடித்து, அங்கேயே மருந்தை ஊற்றி அடைக்கிறார்கள், கேட்கும்போது தோட்டத்தில் வாய்க்காலை அடைக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் அந்த டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணிநேரம் மூச்சைப் பிடித்துச் செய்கிறார், இரண்டு தடவை செய்துவிட்டார், கட்டி பாதியாகிவிட்டது, பாதி! கிள்ளானில் ஆறு மாதம் என்றவர்கள் வந்து பார்க்கட்டும். மூன்றாவது தடவைதான் முக்கியம் என்றார். அது ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது, முதலில் காய்ச்சலால், பிறகு ரத்த அளவு ஏறவில்லை என்பதால். இன்னொரு முறை தள்ளினால் அடைத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு புது ரத்தக் குழாய் முளைத்துவிடும் என்று படம் போட்டுக் காட்டினார். புற்றுக்கு எவ்வளவு மூளை பாருங்கள். காய்ச்சல், அதை நினைக்கக் கூடாது, இப்போது நினைக்கக் கூடாது, ஆனால் நினைக்கக் கூடாது என்பதைத்தானே மனசு முதலில் எடுத்து நக்கும். இரண்டாவது தடவை முன்பணம் கட்டும்போதுதான் நீலாவின் அட்டை முதன்முதலாகப் பெரிய தொகைக்குப் போனது, எண்களை அவள் அனுப்பினாள், நான் இட்டேன், அவர் உள்ளே போனார், வெளியே வந்த அன்று சாயங்காலமே காய்ச்சல், ஒன்பது நாள் இறங்கவில்லை. நான்காம் நாள், ஈரத்துணியைப் பிழிந்து அவர் நெற்றியில் போடும்போது, எனக்கு ஒரு நினைப்பு வந்தது. ஒரே ஒரு நொடிதான். அவள் கை பட்டதால்தானோ. துணியைக் கீழே போட்டுவிட்டேன். யார் சொல்லிக் கொடுத்த நினைப்பு அது? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்துக்கிடந்தது.

பாய் விரித்துக் கொடுத்தவளும் நான்தான். ஷாமினி கல்யாணத்தில், கிள்ளான் மண்டபத்து வாசலில், மாப்பிள்ளை வீட்டார் வண்டி வந்து நின்றபோது, ஆலாத்தித் தட்டோடு நின்றவள் நீலா. அத்தைக்காரி, அவள்தானே நிற்க வேண்டும், விடியற்காலையிலேயே வந்து மஞ்சளும் சுண்ணாம்பும் தானே கரைத்து, வெற்றிலையில் கற்பூரம் வைத்துக்கொண்டு, மாம்பழ நிறப் புடவையில், சிரித்த முகமாக. அவள் புருஷன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா வண்டியிலிருந்து இறங்குவதையும் பார்த்தேன். தட்டை அவள் கையிலிருந்து வாங்கினேன், பிடுங்கவில்லை, சிரித்துக்கொண்டே வாங்கினேன், நீ உள்ளே போய்ப் பந்தியைக் கவனி நீலா, இங்கே எதிரே நிற்க வேண்டாம் என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை, மாப்பிள்ளையின் அம்மா பிறகொருநாள், உங்க நாத்தனார் எங்கே, அன்னிக்குப் பார்க்கவே இல்லையே என்று ஆசையாகத்தான் கேட்டாள். நீலா உள்ளே போனாள். கடைசிப் பந்திவரை நின்று எல்லோரையும் சாப்பிட வைத்தாள் என்று பிறகு சொன்னார்கள். தான் சாப்பிடாமல் போய்விட்டாள். அதன்பிறகு என் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் சண்டை போட்டாவது முடித்திருப்பேன், ஒரு மாதம் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். என் கழுத்துத் தாலியில் அவர் போட்டது ஒரு முடிச்சுதான், மிச்ச இரண்டையும் பின்னால் நின்று போட்டவள் இவள், இருபத்திரண்டு வயசு, விரல் சில்லென்றிருந்தது, இறுக்கிட்டேனா அண்ணி, வலிக்குதா என்று காதோடு கேட்டாள். அந்தக் கையைத்தான் நான் வேண்டாமென்றேன். இன்றைக்கு அந்தக் கை ஆறு எண்களைத் தட்டாவிட்டால் என் புருஷனுக்குக் கதவு திறக்காது. நன்றாகத்தான் வேண்டும் எனக்கு. ஆனால் அவருக்கு என்ன, அவர் என்ன செய்தார்.

"இபு, சுடா பாயார்?" மிஸ் லின் வந்து நிற்கிறாள், அம்மா, கட்டியாச்சா என்கிறாள். மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர், நாற்பது வயதிருக்கும், ஜகார்த்தாவில் படித்தவள், அவளுடைய இந்தோனேசியமும் என் மலாயும் ஒன்றுக்கொன்று பெரியம்மா பிள்ளைகள், அதிலேதான் இந்த மாதம் முழுவதும் அவர் உயிரைப் பேசிக்கொண்டிருக்கிறோம். இல்லை, எண் வரவில்லை என்கிறேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள், பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள், பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என் முழங்காலில் கையை வைக்கிறாள். பத்து ஐம்பதுவரை உங்கள் இடத்தைப் பிடித்து வைக்கிறேன், அதற்குமேல் அடுத்த நோயாளியை அழைத்துவிடுவார்கள், பிறகு செவ்வாய்க்கிழமைதான். செவ்வாய் என்றால் ஐந்து நாள். ஐந்து நாளில் எத்தனை குழாய் முளைக்கும்? தெரிமா காசி, தெரிமா காசி என்கிறேன், நன்றி சொல்லிச் சொல்லியே இந்த ஊரில் என் நாக்கு தேய்ந்துவிட்டது, எத்தனை பேருக்குத்தான் சொல்வேன், இந்தப் பெண்ணுக்கு, பன் வாங்கித் தந்த பெரியவருக்கு, குவளையோடு பொறுமையாக உட்கார்ந்திருக்கும் ஸ்வெட்டர் அம்மாளுக்கு. ஒருத்திக்கு மட்டும் சொல்லவில்லை. கட்டைவிரலைத்தான் காட்டினேன்.

போன் போட வேண்டும். அவ்வளவுதான், பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும், கஞ்சிக்கு அழுத்துகிறேன், சோப்புக்கு அழுத்துகிறேன், இதை அழுத்த விரல் வரமாட்டேன் என்கிறது. என்ன சொல்வது? நம்பர் வரலையே என்றா? பதினொரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை நம்பரா? அவள் வேண்டுமென்றே அனுப்பாமல் இருந்தால்? இருக்கட்டுமே, இருந்தால் காலில் விழுகிறேன், போனில் எப்படி விழுவது, விழத்தான் வேண்டும். அல்லது அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, வேன், மழை, ஐயோ. அழுத்திவிட்டேன். அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. நின்றுவிட்டது. பத்து முப்பத்தொன்பது. மறுபடி அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"அண்ணி."

பின்னால் வண்டிகள் சர்ர் சர்ரென்று போகிற சத்தம். அவள் குரல் கொஞ்சம் தடித்திருந்தது, வயசாகிவிட்டது அவளுக்கும்.

"நீலா, நல்லாருக்கியா? உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி, நம்பர் ரெண்டு தடவ வந்துச்சு, பார்த்தேன், வண்டியில இருக்கேன். ஷாமினி வீட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கேன். ஃபெடரல் ஹைவேல லோரி ஒண்ணு கவுந்து ஒரே ஜாம், பத்து மணிக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். இப்பதான் ஓரமா நிப்பாட்டினேன். இன்னும் இருபது நிமிசம் தாக்குப் பிடிங்க அண்ணி."

"ஷாமினி வீட்டுக்கு எதுக்கு? உன் போன்லதானே வருது?"

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"போன அவகிட்ட குடுத்து, அவ கையால அனுப்பச் சொல்லலாம்னு. போன தடவ நான் அனுப்பித்தானே அண்ணனுக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஒம்போது நாளு. கஞ்சிக்கு, சாமானுக்குன்னா பரவால்ல, நான் அனுப்புறேன். இது அவரு உசுரு அண்ணி. ஷாமினி பூவும் பொட்டுமா இருக்கிறவ. அவ அனுப்பட்டும்."

நான் ஒரே ஒரு நொடி நினைத்துக் கீழே போட்டதை அவள் இத்தனை நாளாகச் சுமந்திருக்கிறாள். அதை அவள் தலையில் ஏற்றிவிட்டவள் நான். இருபது பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, தன் கை தன் அண்ணனுக்கு ஆகாது என்று நம்பி, வேறு கையைத் தேடிக்கொண்டு ஹைவேயில் வேனை ஓட்டிக்கொண்டு போகிறாள். தன் நம்பரை விண்ணப்பத்தில் போட்டது வேவு பார்க்க என்று நினைத்தேனே. அண்ணன் பிழைத்துக்கிடக்கிறான் என்று கஞ்சிக்குக் கஞ்சி தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு என்ன வழி விட்டு வைத்திருந்தேன் நான்?

"நீலா, கேளு. அன்னிக்கு உன் கையில இருந்து தட்ட வாங்கினேன் பாரு, அது நான் செஞ்ச பாவம். யாரும் சொல்லி நான் செய்யல. நானாதான் செஞ்சேன். காய்ச்சல் மருந்தால வந்துச்சு, டாக்டரே சொன்னாரு, கட்டி பாதியாயிடுச்சு, அதுவும் நீ அனுப்பின நம்பர்லதான். நீ எங்கயும் போவாத. அங்கயே நில்லு. நான் இப்ப அழுத்தப் போறேன், நம்பரு வரும், எழுதி அனுப்பாத, உன் வாயால சொல்லு."

"அண்ணி, வேணாம் அண்ணி."

"உன் வாயால சொல்லு நீலா. வேற யாரு கையும் எனக்கு வேணாம்."

மிஸ் லின் வரிசையில் நின்றவர்களிடம் சீனத்தில் ஏதோ சொன்னாள், முன்னால் நின்ற ஆள் ஒதுங்கி எனக்கு இடம் விட்டான், அவனும் நன்றாக இருக்கட்டும். ஸ்வெட்டர் அம்மாள் கட்டத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். காட்டினேன், டிங். தொகை சரியா என்றது, சரி. வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அறுபது, ஐம்பத்தொன்பது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்க முடியாது, அதிலேதானே எண்ணை இட வேண்டும், ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன், மண்டபம் முழுக்கக் கேட்கட்டும். ஐம்பது. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. நாற்பத்தைந்து. வந்துருச்சு அண்ணி என்றாள்.

"நாலு."

நாலு.

"சைபரு. ஒம்போது."

ஒன்பதைத் தொடப்போய் ஆறைத் தொட்டுவிட்டேன், அழித்துவிட்டு மறுபடி இட்டேன். இரு நீலா, இரு. இருக்கேன் அண்ணி, பதறாதீங்க. முப்பத்தொன்று.

"ஒண்ணு. ஏழு. ரெண்டு."

வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்று, பிறகு நின்று, பச்சையாகி, நடுவில் ஒரு சரி போட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இயந்திரம் கிர்ரென்று சீட்டைத் துப்பியது. ஸ்வெட்டர் அம்மாள் அதைக் கிழித்து முத்திரை குத்தி நீட்டும்போது அவள் கண்ணும் ஏனோ ஈரமாக இருந்தது, ஒரு வார்த்தை புரிந்திருக்காது அவளுக்கு. பத்து நாற்பத்தாறு. மிஸ் லின் சீட்டை வாங்கிக்கொண்டு ஓட்டமாக நடந்தாள், நானும் ஓடினேன், அறுபத்தொரு வயசு முழங்கால் இரண்டும் எங்கே போயினவோ, வலியே இல்லை, கையில் நீலா, கட்டியாச்சா அண்ணி, போயிடுச்சா அண்ணி என்று கேட்டுக்கொண்டே வந்தாள். போயிடுச்சு தாயி, போயிடுச்சு. நீ நல்லாரு. நீ நூறு வருசம் நல்லாரு.

மூன்றாம் எண் கதவுக்கு மேல் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது, தாதி கட்டிலின் பூட்டை விடுவித்துக்கொண்டிருந்தாள். அவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார், நேற்று இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத உதடு, என்னைக் கண்டதும் என்ன ஏ/பி அம்மா, மூச்சு வாங்குது என்றார். நீலா, வீடியோவைப் போடு என்றேன். எதுக்கு அண்ணி, நான் எப்படியோ இருக்கேன், அவரு உள்ள போற நேரத்துல என் முகத்தையா என்றாள். போடுடி என்றேன், முதன்முறையாக அவளை அப்படிச் சொன்னேன். திரை ஒரு நொடி கறுத்து, பிறகு அவள் வந்தாள், வேனின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், நரைத்த தலை கலைந்து, வெறும் நெற்றியில் வேர்வை வழிய, அழுது வீங்கிய கண்ணோடு. நான் போனைத் திருப்பினேன். தாதி கட்டிலைத் தள்ளத் தொடங்கினாள், நான் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டு, போனை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பின்னோக்கி நடந்தேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நீலாவா என்றார். அண்ணே என்றாள் அவள், போயிட்டு வாங்கண்ணே. வரேம்மா என்றார் அவர். தரையில் சிவப்புக் கோடு வந்தது, அதற்கு அப்பால் எனக்கு அனுமதி இல்லை, நான் ஓரமாக நகர்ந்து கட்டிலுக்கு வழிவிட்டேன், தாதியும் ஏதோ புரிந்தவள்போல் கொஞ்சம் மெதுவாகத் தள்ளினாள், கதவின் இரண்டு பாதிகளும் வந்து சேர்கிறவரைக்கும் அவள் முகத்தை அவர் கண்ணுக்கு எதிரிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.